கறிவேப்பிலைச் செடி குடித்த தண்ணீர்

அம்மா,

ஆஸ்பத்திரியில் உனக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நான் டம்ளரை உன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். நீ சலித்துப்போய் என் கையைத் தள்ளிவிட்டு, "நீ இன்னா, எனக்கு அம்மாவா?" என்று கேட்டாய். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்ததில், கொஞ்ச நாளைக்கு அப்படி இருந்துதான் பார்ப்போமே என்று தோன்றுகிறது. இந்தக் கடிதம் முடியும்வரை நான் அம்மா. நீ, வளர்ந்து ஆளாகி வேலைக்குப் போகும் என் மகள். எப்போதும் உன்னை நீ என்றுதான் கூப்பிடுகிறேன், அதனால் அதை மாற்ற வேண்டியதில்லை. நான் லைப்ரரியில் எடுத்துவரும் புத்தகங்களில் அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளுக்கு நீளமாகக் கடிதம் எழுதுகிறார்கள். யாருக்கும் அவசரமே இல்லாதது போலப் பேசுகிறார்கள். உன்னிடம் அப்படிப் பேச எனக்கு நேரம் கிடைப்பதில்லை. நீ கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உன் கண் பாதி மூடியிருக்கும். அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் செல்வி அக்காவுக்கும் செக்‌ஷனில் மற்ற அக்காக்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை செக்‌ஷனில் நிற்கிறாய். வேலை செய்கிறாய் என்று எழுதாமல் நிற்கிறாய் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மந்தவெளியில் நம் வீட்டிலிருந்து காலையில் கிளம்பும்போது நின்றுகொண்டே இட்லியை விழுங்குகிறாய், பஸ்ஸில் நிற்கிறாய், கடையில் நிற்கிறாய், திரும்பும்போதும் நிற்கிறாய். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் நிற்கிறாய். அடுத்த வாரம் தீபாவளிக் கூட்டம் ஆரம்பிக்கிறது. இனி உனக்கு வார லீவு கிடையாது. ஆடித் தள்ளுபடியின்போது உனக்கு என்ன ஆனது, டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை நீ மறந்துவிட்டது போல நடந்துகொள்கிறாய். எனக்கு மறக்கவில்லை.

முதலில் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நீல பாட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. தினமும் காலையில் அதில் தண்ணீர் பிடித்து உன் பையில் வைப்பது என் வேலை. நீ திரும்பி வந்ததும் செய்கிற முதல் வேலை, மாடிப்படி ஓரம் பெயின்ட் டப்பாவில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு அந்தத் தண்ணீரை ஊற்றுவது. முழு பாட்டிலையும் கவிழ்ப்பாய். சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டது இதுதான்: அம்மா செடிக்காகத்தான் தி. நகர் வரைக்கும் தண்ணீர் சுமந்துகொண்டு போய் வருகிறாள், கடைக்குப் போய் வந்த தண்ணீர் என்றால் செடிக்கு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. செடியும் அதற்கேற்ற மாதிரிதான் வளர்ந்தது. தெருவில் பாதி வீட்டு ரசத்துக்கு நம் கறிவேப்பிலைதான். நீ குடிக்க வேண்டிய தண்ணீரை அது குடித்து வளர்கிறது என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. வீட்டில் எல்லோர் கண் முன்னாலும் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

நீ தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி இல்லை. குடித்தால் போக வேண்டும். உங்கள் கடையில் பெண்களுக்கான பாத்ரூம் மேல்மாடியில், குடோனைத் தாண்டி இருக்கிறது. போவதற்கு முன் ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அவர் எப்போதும் வாடிக்கையாளர்கள் நடுவில்தான் நிற்பார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், அவர்கள் கூட்டி வந்த சித்தப்பா எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் போய்ச் சொல்வதற்கு உங்கள் யாருக்கும் வாய் வராது. அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறீர்கள். அதில் ஒரு பெருமை வேறு. செல்வி அக்கா ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். "காலீல இருந்து ரெண்டு வாட்டி மேல போய்ட்டு வர்றா. இவல்லாம் சீசன்ல இன்னா பண்ணுவா? நானும் உங்கம்மாவும் கடை தெறந்ததுல இருந்து மூட்ற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள வுடாம நின்னுகினு இருப்போம்." நீயும் பரிசு வாங்கியவள் மாதிரி தலையாட்டினாய். நானும் அதை நம்பினேன். என் அம்மா எவ்வளவு பலசாலி என்று நினைத்தேன்.

அப்புறம் ஆடி வந்தது. முதலில் இடுப்பு வலிக்கிறது என்றாய். நின்றதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டாய். பிறகு குளிர்கிறது என்றாய். சென்னையில் ஆடி மாதத்தில் யாருக்கு அம்மா குளிரும்? நீ போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கியதைப் பார்த்ததும் அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார். மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்திருந்ததால் ஆட்டோ உள்ளே வரவில்லை. அப்பாவும் நானும் உன்னை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனோம். அப்போதும் நீ, இன்றைக்குத் தள்ளுபடிக் கூட்டம், செல்வி தனியாகச் சமாளிக்க மாட்டாள் என்று முனகிக்கொண்டு வந்தாய்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீர்ப்பாதையில் வந்த தொற்று மேலே ஏறி சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, இந்த முறை பிடித்துவிட்டோம், இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் அது தாங்காது என்று மெதுவாகச் சொன்னார். எங்கே வேலை என்று கேட்டார். நீ கடையின் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களை மாதிரி நிறைய பேர் வருகிறார்கள் என்றார். மருந்துச் சீட்டில் எழுதியதைவிட வாயால் சொன்னதுதான் அதிகம். தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், இடையில் உட்கார வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், தூங்க வேண்டும். வெளியே வந்ததும் அப்பா, "இதுல இன்னாமே கஷ்டம்? தண்ணி குடிக்கறதுக்குக் கூடவா ஒரு டாக்டர் சொல்லணும்?" என்றார். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் ஒரு குடம் தண்ணீரை அவர் ஒருவரே காலி செய்வார். நீ ஜுரத்தோடு திரும்பி, "உனக்கு இன்னாய்யா, செவுரு இருந்தா போதும்" என்றாய்.

ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல் நான் என் பயாலஜி புத்தகத்திலிருந்து சிறுநீரகப் பாடத்தைப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? எனக்குப் பரீட்சைக்கும் ஆயிற்று, உனக்கு அறிவுரையும் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். நீயோ கண்ணைத் திறந்து, "அப்போ அது ஒக்காரவே ஒக்காராதா?" என்று கேட்டாய். நாம் தூங்கும்போதும் அது வேலை செய்யும் என்றேன். "பாவம்டி" என்றாய். உனக்காக நீ பரிதாபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உன் சிறுநீரகத்துக்காகவாவது பரிதாபப்பட்டாயே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மகளே, வீட்டில் ஓய்வெடுத்த அந்த நாட்களில் நீ எவ்வளவு நன்றாக இருந்தாய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் மத்தியானம் தட்டோடு உன்னைத் தரையில் உட்கார வைத்தபோது, எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாய். நாலாவது தடவை எழுந்தபோது அப்பா, இங்கே மேனேஜர் யாரும் இல்லை, உட்கார் என்றார். அப்புறம் பழகிக்கொண்டாய். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் மாடவீதியைச் சுற்றி மெதுவாக நடந்துவிட்டு வருவோம். பூக்கடைகளைத் தாண்டும்போது நீ பூவைப் பார்க்க மாட்டாய், வருகிறவர்கள் கட்டியிருக்கும் சேலையைப் பார்த்து, இது எந்த ஊர்ப் பட்டு, கரை தனியாக நெய்து சேர்த்ததா என்று சொல்லிக்கொண்டு வருவாய். திரும்பி வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை படிப்பேன். உன் கெண்டைக்காலில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கணுக்காலில் செருப்பு வார் பதிந்த பள்ளம் மறைந்தது. உன் முகம் ஆல்பத்தில் இருக்கும் கல்யாணப் படத்து முகம் மாதிரி ஆகிவிட்டது. இதற்கு நாம் எதையும் புதிதாக வாங்கவில்லை, எந்த லேகியமும் சாப்பிடவில்லை. தண்ணீர், சோறு, தூக்கம், நடை, உட்காருதல். இவ்வளவு சின்ன விஷயங்களுக்கு ஒரு உடம்பு இவ்வளவு நன்றி காட்டும் என்று நான் நினைக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய புதிதில் பாட்டில் காலியாகத்தான் வந்தது. ஆடிக் கூட்டம் ஓய்ந்திருந்தது, செடியை மழை பார்த்துக்கொண்டது. நவராத்திரி வந்ததும் பாதி வந்தது. போன புதன்கிழமை மாடிப்படியில் நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முழு பாட்டில் கவிழ்கிற சத்தம். வெளியே வந்து, நான் எப்போதும் பேசாத மாதிரியெல்லாம் பேசினேன். உனக்கு எங்கள் மேல் அக்கறை இல்லை என்றேன். டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பாடத்தில் இருந்ததைக்கூடச் சொன்னேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாய். பிறகு உள்ளே போனாய். என் ஸ்கூல் பையைத் திறந்து என் பாட்டிலை எடுத்து வந்து, உன் பாட்டிலுக்குப் பக்கத்தில் படியில் வைத்தாய். காலையில் நான் பிடித்த தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது.

"இது யார் குடிக்க வேண்டியது? ரோஜாச் செடி ஒண்ணு வாங்கி வெக்கட்டா?" என்றாய்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் ஸ்கூல் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லாததை அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன். எட்டாம் வகுப்பிலிருந்தே இல்லை. இப்போது பதினொன்றாம் வகுப்பு. நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துதான் போவோம், அதனால் ஸ்கூலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே பழகிவிட்டது. நீ என் தலையில் கைவைத்து, "என்னப் பாத்துக் கத்துக்கினியா?" என்று கேட்டாய். அந்தக் குரலில் செல்வி அக்காவோடு தலையாட்டிய பெருமை இல்லை. நாம் இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து என் பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்பா மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, குடும்பமே சேர்ந்து என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

மறுநாள் நான் பர்வீனிடம் சொன்னேன். பர்வீன் என் பக்கத்து பெஞ்சு. அவள் வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் நேர்ப்பேச்சுதான். "நீ உள்ள போ, நான் கதவைப் புடிச்சுக்கிறேன். அப்புறம் நான் போறேன், நீ புடி. இதுக்கா மூணு வருஷம் யோசிச்சோம்?" என்றாள். அதன்பின் இரண்டு பேரும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனோம். வழியெல்லாம் நான் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. பர்வீன்தான், மிஸ், பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் யாரும் தண்ணி குடிக்கிறதில்லை என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டார்கள். சொன்னோம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. பளபளவென்று, கதவைவிட அதிக அழகாக இருக்கிறது. எல்லாக் கதவும் இவ்வளவு சுலபமாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், உன் கடை வேறு, என் ஸ்கூல் வேறு. ஆனால் நாம் கேட்கவே இல்லை என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நேற்று சனிக்கிழமை, பர்வீனும் அவள் அம்மாவும் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க வந்தபோது நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன் அல்லவா? உன்னைக் கண்காணிக்கத்தான் வந்தேன் என்று நீ கண்டுபிடித்திருப்பாய். நீ சேலையை விரிக்கிற அழகை நான் நேற்றுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு உதறு உதறினால் முந்தானை போய் எதிரே இருப்பவர் மடியில் விழுகிறது. அவர்கள் போன பிறகு நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உன் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு போட்டது என்று நீதான் சொன்னாய். அதன் மேல் சேலைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். நீ ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாய். அந்தப் பெட்டிகள் மேல் கையை வைத்தாய். அக்கம்பக்கம் பார்த்தாய். பிறகு கையை எடுத்துவிட்டாய். செல்வி அக்காவும் அதே மாதிரி ஸ்டூலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆகவே, மகளே, உன் அம்மா சொல்வது இதுதான். நீ மட்டும் முதலில் உட்கார வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெட்டிகளை இறக்கி வையுங்கள். கூட்டம் குறையும் நேரத்தில் செல்வி அக்கா கொஞ்சம் உட்காரட்டும், நீ பார்த்துக்கொள். அப்புறம் நீ உட்கார். மேல்மாடிக்கும் அப்படியே, ஒருத்தி போனால் ஒருத்தி கவுன்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணைக் கேலி செய்யாதீர்கள், உங்களில் புத்திசாலி அவள்தான். கிடைத்த நேரத்தில் சாப்பிடாமல், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் இரண்டு வாய் குடி. பஸ்ஸில் இடம் கிடைத்தால் மற்றவருக்குக் கொடுக்காதே, உன் கால் உனக்கும் முக்கியம். சீசன் முடியும் வரைக்கும் ராத்திரிச் சமையல் எனக்கும் அப்பாவுக்கும். நாங்கள் வைக்கிற ரசத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுப் படு. பலசாலி என்றால் தாகத்தை அடக்குகிறவள் என்று நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படிப்பட்ட பலசாலி வேண்டாம். நான் காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், என் முதல் பட்டுச்சேலையை உன் கவுன்டரில் வாங்க வேண்டும். நீ அதை உதறி என் மடியில் போட வேண்டும். அதற்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. திங்கட்கிழமை காலையில் உன் சாப்பாட்டுப் பையில் வைக்கலாம் என்று நினைத்தேன், முடிவு சரியாக வராததால் வைக்கவில்லை. இப்போது திங்கட்கிழமை சாயங்காலமே தாண்டிவிட்டது. நீ வந்து, என்னைக் கேட்காமலே என் ஸ்கூல் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாய். காலி. உன் பையை மாட்டிக்கொண்டே மாடிப்படிக்குப் போனாய். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகவே நீல பாட்டிலை எடுத்தது, மூடியைத் திறந்தது, செடி மேல் கவிழ்த்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை. நீ பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். காலையில் செல்வி அக்காதான் ஆரம்பித்தாராம். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்து, உன்னைப் பார்த்தாராம். நீ உட்கார்ந்தாயாம். மத்தியானம் மேனேஜரிடம் நீயே போய், மேலே போய்ட்டு வரேன் சார் என்றாயாம். எல்லோர் முன்னாலும்தான். அவர் கையில் இருந்த பில்லிலிருந்து கண்ணை எடுக்காமல், சீக்கிரம் வாங்கம்மா என்றாராம்.

"அவ்ளோதான்டி," என்றாய். "இத்தினி வருஷமா அவ்ளோதான் கீது."

தீபாவளி வரைக்கும் இன்னும் எவ்வளவோ கூட்டம் இருக்கிறது. எல்லா நாளும் இன்றைக்கு மாதிரி இருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் கடிதத்தைக் கிழிக்காமல் நாளைக்கு உன் பையில் வைக்கிறேன். நீ உள்ளே போகும்போது வாடியிருந்த இலைகளைத் தொட்டுப் பார்த்து, பாவம், இதுக்கு இன்னா பண்றது என்று கேட்டாய்.

செடியைப் பற்றி நீ கவலைப்படாதே அம்மா. அதற்கு இனிமேல் நான் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுகிறேன்.